இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது

2019ஆம் வருடத்துக் குளிர்காலத்துக்கான ஆர்டர் அது. ஐரோப்பியக் குழந்தைகளின் குளிர்காலத்துக்கு எங்கள் ஊரில் சித்திரை வெயிலில்தான் வேலை நடக்கும். அம்மா அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட முழுக்கைச் சட்டை, நெஞ்சில் குட்டி நரி ஒன்று எம்பிராய்டரியில். சட்டையை உள்பக்கம் திருப்பி, தோள், கழுத்து, அக்குள், அடிமடிப்பு என்று விரலால் தடவிப் பார்த்து, பிசிறை வெட்டி, பழுது இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போடவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு நரிகள் அம்மாவின் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று கணக்கில்லை.

அக்கா மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒருநாள் ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏங்கண்ணு, அந்த நரிச் சட்டை ஒண்ணு நம்ம பாப்பாவுக்கு வாங்கோணும். கம்பெனில கேட்டா தரமாட்டாங்க. காசு குடுத்தாக்கூட ஆகாதாமா. நீ போன்ல என்னென்னமோ வாங்கறயே, அதுல வருமா பாரு."

கம்பெனியில் தரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். சாயங்காலம் கேட்டில் டிபன் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வரமுடியும். எத்தனை மீட்டர் துணி, எத்தனை லேபிள், எத்தனை உருப்படி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சரி, கடையிலேயே வாங்கிவிடலாம் என்று லேபிளில் இருந்த பெயரைப் போட்டுத் தேடினேன். ஜெர்மனிக் கடை. சட்டை இருந்தது. 18 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 1,400 ரூபாய், அம்மாவுக்கு நாலு ஷிப்டு சம்பளம். அதை அவளிடம் சொல்லவில்லை. அளவைத் தேர்ந்தெடுத்து, கூடையில் போட்டு, முகவரிப் பக்கத்துக்குப் போனேன். நாடுகளின் பட்டியல் அகரவரிசையில் கீழே இறங்கியது. ஹங்கேரிக்குப் பிறகு நேராக அயர்லாந்து. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய இந்தியா இல்லை.

சட்டையின் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பும் செலவையும் சுங்கவரியையும் நானே கட்டுகிறேன் என்று சொல்லியும், இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது, உங்கள் வங்கி அட்டையையும் ஏற்க இயலாது என்று இரண்டே வரியில் மரியாதையான பதில் வந்தது.

அந்தப் பதில்தான் என்னைப் படிக்க வைத்தது. வாங்க வருகிற ஆளைப் பார்த்து 'நீ எந்த ஊர்' என்று கேட்டுக் கதவைச் சாத்துவது எப்போது ஆரம்பித்தது? அதைக் கூடாது என்று சொல்லும் சட்டம் எங்காவது உண்டா? பனியன் ஊரில் பிறந்ததாலோ என்னவோ, தேடல் துணியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனது.

*

துணி விஷயத்தில் முதலில் தடுக்கப்பட்டது இங்கிருந்து வாங்கியவர்கள் அல்ல, அங்கிருந்து வாங்கியவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னையில் இடம் பிடித்ததே சோழமண்டலக் கரையின் துணிக்காகத்தான். சாயமேற்றி ஓவியம் தீட்டிய நம் பருத்தித் துணி லண்டன் பெண்களுக்குப் பைத்தியமாகப் பிடித்துப்போனது. கோழிக்கோட்டின் பெயரால் அதற்குக் காலிகோ என்று பெயர். கம்பளி, பட்டு நெசவாளர்களின் வயிறு எரிந்தது. 1700இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அச்சிட்ட, சாயமேற்றிய ஆசியத் துணிகளை உள்நாட்டில் விற்கத் தடை போட்டது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. வெள்ளைத் துணியை வாங்கி அங்கேயே அச்சிட்டு இந்தத் தடையைச் சமாளித்தார்கள். 1719இல் லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் கலவரம் செய்தார்கள். தெருவில் காலிகோ உடுத்திப்போன பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் ஊற்றினார்கள். அதே வருடம் ராபின்சன் குருசோவை வெளியிட்ட டேனியல் டீஃபோ, நெசவாளர் தரப்பில் நின்று காலிகோவுக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தார். (தனித்தீவில் ஆட்டுத்தோல் உடுத்தி வாழ்கிறவனின் கதையை எழுதிய கை அது. யோசித்தால் சிரிப்பு வருகிறது.) 1721இல் சட்டம் இன்னும் இறுகியது. அச்சிட்ட காலிகோவை உடுத்தினாலே 5 பவுண்டு அபராதம், அது காட்டிக்கொடுத்தவருக்குப் போகும். விற்றவருக்கு 20 பவுண்டு. 1774 வரை அந்தச் சட்டம் இருந்தது. பிரான்சும் 1686 முதல் 1759 வரை இதேபோல் தடுத்து வைத்திருந்தது.

அரசாங்கம் தன் சொந்தக் குடிமக்களைப் பார்த்து 'இந்த ஊர்த் துணியை நீ வாங்கக் கூடாது' என்று சொன்னது. வாங்குகிறவர்களுக்கு இதில் ஏதாவது உரிமை இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இருநூறு வருடம் கழித்து, திசை மாறி, எங்கள் ஊரே 'வாங்க மாட்டோம்' என்று சொன்னது. 1920களில் திருப்பூர் கதர் ஊர். அந்நியத் துணி பகிஷ்காரம் நடந்த அந்தக் காலத்தில், 1932 ஜனவரியில், கொடியோடு ஊர்வலம் போய் அடிபட்டு 11ஆம் தேதி இறந்துபோனார் குமரன். அவர் பெயரில்தான் எங்கள் ஊரின் முக்கியமான ரோடு இருக்கிறது. வாங்கமாட்டேன் என்பது வாங்குகிறவரின் கடைசி ஆயுதம். விற்கமாட்டேன் என்று எதிர்ப்பக்கம் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பாரம்பரியத்தில் பதில் இல்லை.

கதர் ஊர் பனியன் ஊரானது. உள்ளூருக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்தார். பம்பாயில் வெள்ளை டீ-சர்ட் வாங்க வந்தவர், அவை எங்கே தைக்கப்படுகின்றன என்று விசாரித்துக்கொண்டு நேராக இங்கேயே வந்துவிட்டார் என்பது ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. இடைத்தரகரைத் தாண்டி, செய்கிறவனிடம் நேரில் வாங்க ஒருவர் எல்லை கடந்து வந்தார். எங்கள் ஊரின் ஏற்றுமதி வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இணையக் கடைகள் எல்லாம் பின்னாளில் தருவதாகச் சொன்ன வாக்கும் இதேதான். நான் செய்ய முயன்றதும் இதேதான், திசை மட்டும் வேறு.

அப்புறம் கோட்டா. 1974இல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு ஏழை நாட்டிலிருந்தும் எத்தனை உருப்படி வரலாம் என்று எண்ணிக்கை வைத்தன. ஐரோப்பாவுக்குப் போகும் டீ-சர்ட்டுக்கு கேட்டகிரி 4. எங்கள் ஊர்ப் பழைய முதலாளிகள் இந்த நம்பரை இன்னும் மறக்கவில்லை. முந்தைய வருடங்களில் அனுப்பியதை வைத்துக் கோட்டா ஒதுக்குவார்கள். கோட்டா இல்லாதவர் இருப்பவரிடம் விலைக்கு வாங்கி அனுப்பவேண்டும். தையல் மிஷினே இல்லாமல் கோட்டாவை விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. 2005 ஜனவரி 1ஆம் தேதி அது முடிவுக்கு வந்தது. துணிக்கு இருந்த எண்ணிக்கை வேலி விழுந்தது. வேலையும் வந்தது, சாயமும் வந்தது. நொய்யலில் ஓடிய சாயத்தைப் பார்த்து 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அந்த நரிச் சட்டையின் நீலம் எங்கள் ஊர் வேலையின் மிச்சமாக எங்கள் ஊரிலேயேதான் எங்கோ தங்கியிருக்கும். சட்டை மட்டும் தங்காது.

*

ஐரோப்பாவுக்கு உள்ளேயே இந்தப் பிரச்சினை இருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரே சந்தை, பல நாடுகளுக்கு ஒரே நாணயம், எல்லையில் சுங்கச்சாவடி இல்லை. ஆனாலும் போர்ச்சுகலில் இருப்பவர் ஜெர்மனிக் கடையில் வாங்கப்போனால் அவரைப் போர்ச்சுகல் பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடுவார்கள். அங்கே விலை கூடுதலாக இருக்கும், அல்லது பொருளே இருக்காது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணையக் கடைகளில் மாறுவேட வாடிக்கையாளர்களைப் போல வாங்கிப் பார்த்து, 2016இல் ஐரோப்பிய ஆணையம் முடிவைச் சொன்னது: வேறு ஐரோப்பிய நாட்டிலிருந்து வந்தவரைக் கடைசிவரை வாங்கவிட்ட கடைகள் 37 சதவீதம்தான்.

2018 பிப்ரவரியில் ஒரு சட்டம் இயற்றி, அந்த டிசம்பர் 3ஆம் தேதி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் உள்ளடக்கத்தைக் கொங்குத் தமிழில் சொன்னால், 'ஊர்க்காரனுக்கு என்ன வெலையோ, அதே வெலைதான் அசலூர்க்காரனுக்கும்'. நாடு, வசிக்கும் இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி விற்க மறுக்கக் கூடாது. சம்மதம் கேட்காமல் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. வங்கி அட்டை எந்த நாட்டில் வழங்கப்பட்டது என்று பார்த்து மறுக்கக் கூடாது. ஆனால் வீடுவரை கொண்டுவந்து தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைக்காரர் தான் அனுப்பும் எல்லைக்குள் ஒரு முகவரிக்கு அனுப்பினால் போதும், மீதி வாங்குகிறவர் பாடு. பாதிக் கதவு திறந்த மாதிரிதான். ஆனாலும் திறந்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 17ஆம் தேதி, துணிக்கம்பெனியான கெஸ்ஸுக்கு ஆணையம் ஏறக்குறைய 4 கோடி யூரோ அபராதம் போட்டது. இது புதிய சட்டத்தின்படி அல்ல, போட்டிச் சட்டத்தின்படி. தன் சரக்கை விற்கும் கடைகள் ஒதுக்கிய நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, இணையத்தில் விளம்பரத்துக்குத் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றெல்லாம் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது அந்த நிறுவனம். விளைவு, மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் அதன் துணிக்கு மேற்கு ஐரோப்பாவைவிடச் சராசரியாக 5 முதல் 10 சதவீதம் கூடுதல் விலை. சம்பளம் குறைந்த நாட்டில் விலை அதிகம். படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஒருவிதப் பொறாமைதான் வந்தது. பத்து சதவீத வித்தியாசத்துக்காக ஒரு அரசாங்கம் இத்தனை தூரம் போகிறது!

என் கல்லூரித் தோழி ஒருத்தி அந்த வருடம் டப்ளினில் மேற்படிப்புக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெரு. அவளிடம் நரிச் சட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் அயர்லாந்து வங்கி அட்டையைப் போட்டாள். கடை அதையும் மறுத்தது. அவள் சும்மா இருக்கிற ஆளில்லை. சட்டத்தின் எண்ணையும் பிரிவையும் குறிப்பிட்டு எழுதினாள். மூன்றாவது நாள் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. கொலோனில் இருந்த அவளுடைய சிநேகிதியின் முகவரிக்குச் சட்டை போய்ச் சேர்ந்தது.

அவளும் நானும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே நிறப் பாஸ்போர்ட். ஐரோப்பியச் சட்டத்தின் வரையறையில் 'வாடிக்கையாளர்' என்பவர் ஏதாவது ஓர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்கவேண்டும், அல்லது அங்கே வசிக்கவேண்டும். டப்ளினில் ஓர் அறைக்கு வாடகை கொடுப்பதால் அவளுக்கு உரிமை உண்டு. அந்தச் சட்டையை விரலால் தடவிப் பார்த்து நல்ல உருப்படி என்று பெட்டியில் போட்ட அம்மாவுக்கு இல்லை. கொஞ்ச காலத்தில் இதே வரையறை பிரிட்டிஷ்காரர்களையும் வெளியே தள்ளியது. ஒன்றியத்தைவிட்டு விலகியபின் 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் அந்தச் சட்டத்தைத் தன் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டது. முந்தின நாள் வரை இருந்த உரிமை விடிந்தால் இல்லை. இந்த உரிமை மனிதருக்கு ஒட்டிய உரிமை அல்ல, முகவரிக்கு ஒட்டிய உரிமை.

*

சட்டை கொலோனிலிருந்து டப்ளின் போயிற்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் தபாலில் பரிசாக அனுப்பிவிடுகிறேன் என்றாள் தோழி. அப்போதுதான் நம்ம ஊர்க் கதவு குறுக்கே வந்தது. 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிசுப்பொருள்களுக்கு இங்கே சுங்கவரி இல்லாமல் இருந்தது. சீன இணையக் கடைகள் விற்ற சரக்கையெல்லாம் 'பரிசு' என்று எழுதி அனுப்பி அந்தச் சலுகையைத் தேய்த்துவிட்டன. 2019 டிசம்பர் 12ஆம் தேதி மத்திய அரசு அதை நிறுத்தியது. வரியில்லாத பரிசாக இனிமேல் வரக்கூடியவை இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. நரிச் சட்டையை இரண்டிலும் சேர்க்கமுடியாது. ஆக, ஐரோப்பாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பக்கம் விற்கமாட்டேன் என்கிறார்கள், இந்தப் பக்கம் வரி கட்டாமல் வராதே என்கிறார்கள். இரண்டு காரணங்களுமே அவரவர் வரையில் நியாயமாகத்தான் தெரிகின்றன.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1986 டிசம்பர் 24இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இணையம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 2019இல் புதுச் சட்டம் வந்தது, 2020 ஜூலை 20 முதல் நடைமுறை. இணையத்தில் வாங்குகிறவரும் நுகர்வோரே என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். இது பெரிய விஷயம். பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊருக்கோ பிரச்சினை நடந்த ஊருக்கோ நாம் அலையவேண்டியிருந்தது. மூன்றே நாளில், ஜூலை 23இல், மின்வணிக விதிகள் வந்தன. நான்காவது விதி சொல்கிறது: ஒரே வகுப்பைச் சேர்ந்த நுகர்வோருக்கிடையே பாகுபாடு காட்டக் கூடாது, அவர்கள் உரிமையைப் பாதிக்கும்படி மனம்போனபடி வகை பிரிக்கக் கூடாது. இதே விதிகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன்.

குமரன் ரோட்டுப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அச்செடுத்துக்கொண்டு போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்ளரைக் கையில வாங்கிட்டு உள்ள டீ இருக்குதான்னு பாக்கலீங்களே. 'இந்தியாவில் உள்ள நுகர்வோருக்கு முறையாகத் தொடர்ந்து விற்க முன்வரும்' வெளிநாட்டு நிறுவனம்னு போட்டிருக்குது பாருங்க. உங்க கடை முன்வரவே இல்லியே. வித்துட்டு ஏமாத்துனாப் புடிக்கலாம். விக்கவே மாட்டேன்றவன எங்கீங்க புடிக்கறது?"

"அதுதானுங்க பாகுபாடே" என்றேன்.

"அது செரி. அப்பறம் இன்னொண்ணு, நுகர்வோர்னா காசு குடுத்தோ, குடுக்கறதாச் சொல்லியோ பொருள் வாங்கறவங்க. நீங்க எதைங்க வாங்குனீங்க?"

எனக்குப் பதில் இல்லை. எங்கள் ஊர்ப் பூட்டு விசித்திரமானது. உள்ளே வந்துவிட்டவருக்கு எல்லாப் பாதுகாப்பும் உண்டு. 2025 ஜனவரியில், வைத்திருக்கும் போனைப் பார்த்து ஒரே பயணத்துக்கு வேறு வேறு கட்டணம் காட்டுவதாகப் புகார் எழுந்தபோது, ஓலாவுக்கும் ஊபருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அது சரியான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஒருவர் முதலில் பட்டியலில் இருக்கவேண்டும். ஹங்கேரிக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் விடுபட்டவருக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

கடைக்காரர் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். ஒரு குழந்தைச் சட்டையைத் திருப்பூருக்கு அனுப்பி, அளவு சரியில்லை என்று திரும்ப வந்தால் அவருக்கு நஷ்டம்தான். உலகத்தில் எவன் கேட்டாலும் விற்றே ஆகவேண்டும் என்று சின்னக் கடைகளைக் கட்டாயப்படுத்துவது அநியாயம். அனுப்ப இயலாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கொலோனில் ஒரு முகவரி கொடுத்தாலும் உன் அட்டையை வாங்கமாட்டேன் என்பதைத்தான் ஏற்கமுடியவில்லை. ஐரோப்பியச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது. அந்தப் பிரிப்பு நம் விதிகளில் இன்னும் வரவில்லை.

*

அம்மாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. "காதர்பேட்டையில பாத்தயா?" என்றாள்.

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சியது, பழுதில் கழிந்தது, ரத்தான ஆர்டர் எல்லாம் அங்கேதான் வந்துசேரும். குவியலாகக் கொட்டியிருப்பார்கள். எந்தக் கண்டத்துக்குப் போகவேண்டிய சட்டையையும் அங்கே தேடலாம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் கழுத்து லேபிள் இருக்காது. பாதியாக வெட்டியிருப்பார்கள், அல்லது பிரித்து எடுத்திருப்பார்கள். பெயரோடு உள்ளூரில் விற்கக் கூடாது என்பது வாங்குகிறவர்கள் போடும் நிபந்தனை. கழுத்தில் அந்த வெட்டுப்பட்ட துண்டு உறுத்தும். சின்ன வயதில் நான் போட்ட சட்டைகள் எல்லாமே அப்படித்தான். சட்டை என்றாலே கழுத்தில் குத்தும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினேன். முயல் கிடைத்தது, கரடி கிடைத்தது. நரி கிடைக்கவில்லை.

2020 ஜனவரியில் பொங்கலுக்குத் தோழி வந்தாள். பெட்டியில் நரிச் சட்டை, லேபிளோடு. திருப்பூரிலிருந்து கப்பலேறி, ஜெர்மனிக் கிடங்குக்குப் போய், கொலோன், டப்ளின் வழியாகத் திரும்பவும் திருப்பூர். அம்மா அதைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சட்டென்று உள்பக்கம் திருப்பினாள். தோள், கழுத்து, அக்குள், அடிமடிப்பு. விரல் அடிமடிப்பில் ஓரிடத்தில் நின்றது.

"பேட்லாக்குல ஒரு தையல் உட்டுருக்குது பாரு. இது எங்க லைன்ல பாத்ததா இருக்காது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் இருக்கும். கடைசி வாரம் ராத்திரி ஷிப்டு ஓடுச்சு" என்றாள்.

"எத்தனை காசு கண்ணு?"

சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஊசியில் நூல் கோத்து அந்த இடத்தைத் தைத்தாள். பாப்பாவுக்கு அதற்குள் ஐந்து வயதாகியிருந்தது. கை கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தக் கோடைவரைக்கும் போட்டாள்.